ஏட்டையா உட்கார்ந்து வந்த வண்டி

கிருபாபாய் கட்டிய பேண்டேஜ் கட்டு எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. ராஜபாளையத்தில் சௌந்தரபாண்டியன் முதலாளியின் பட்டறையில் பதினாலு பெண்கள் பேக்கிங் வேலை பார்த்தார்கள். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வரும் துணியை வெளுத்து, காயவைத்து, அளவு பார்த்து அறுத்து, உருட்டி, டஜன் டஜனாகக் கட்டி நீலத்தாளில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் அதைக் கட்டியவள் தன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். சுருள் தளர்ந்திருந்தாலோ நூல் பிசிறியிருந்தாலோ ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலாளி அதை எல்லோர் முன்னாலும் வாசித்து எழுதியவளின் மானத்தை வாங்குவார். வெள்ளைத்தாயின் சீட்டு மாசத்துக்கு ஒன்றாவது திரும்பி வரும். அவள் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு சிரித்துவிட்டு அடுத்த கட்டை எடுப்பாள்.

கிருபாபாய் அப்படி இல்லை. சேத்தூரில் வாத்தியார் மகளாகப் பிறந்தவள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனாலும் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ள, இவள் மட்டும் ‘கிருபாபாய் பொன்னுராஜ்’ என்று புருஷன் பெயரையும் சேர்த்து முழுசாக எழுதுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்தக் கர்வத்துக்கு மன்னிப்புக் கேட்பாள், திங்கட்கிழமை மறுபடியும் முழுசாக எழுதுவாள்.

பொன்னுராஜ் அதே பட்டறையில் வேன் டிரைவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூட ஹார்ன் அடிக்காமல் நின்று வழிவிடுகிறவன் என்று அவனைக் கேலி பண்ணுவார்கள்.

1985 ஆடி மாசம், காற்றில் துணியெல்லாம் பறந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பட்டறை வாசலில் அரசாங்க ஜீப் ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு ஆபீசர். டெல்லியிலிருந்து வந்திருக்கிறார் என்றார்கள். இரண்டாவது ஆள் சமுத்திரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஹெட் கான்ஸ்டபிள். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ஏட்டையா. மூன்றாவது ஆளைப் பார்த்ததும் பொன்னுராஜுக்கு வேர்த்துவிட்டது. போன மாசம் லைசென்ஸ் விஷயமாக ஸ்டேஷனுக்குப் போனபோது, தேடப்படும் ஆள் என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தில் அந்த முகத்தைத்தான் பார்த்திருந்தான். கடத்தல்காரன் ராக்கப்பன். வெளிநாட்டு வாட்சும் துணியும் படகில் கொண்டுவந்து இறக்குகிறவன். அவன் ஆட்கள் இரண்டு காவல்காரர்களின் காலை ஒடித்த கதை ஊரெல்லாம் பிரசித்தம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஏட்டையா நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஆபீசர் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். அக்கரையில் இலங்கையில் சண்டை நடக்கிறது, நம் ஜனங்கள் அடிபட்டுக் கிடக்கிறார்கள், கட்டுப்போடத் துணி இல்லை. பேண்டேஜும் பஞ்சும் போக வேண்டும். கடல் தாண்டிக் கொண்டுபோக ராக்கப்பனைவிட வழி தெரிந்தவன் கிடையாது.

“இது சர்க்கார் காரியம். ஆனா, சர்க்காருக்குத் தெரியாது” என்று முடித்தார் அவர்.

முதலாளி பெரிதாகத் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, கேட்டுக்கொண்டிருந்த கிருபாபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்காருக்குத் தெரியாத சர்க்கார் காரியம் என்றால் அதைச் செய்கிறது யார் என்று வெள்ளைத்தாயிடம் கேட்டாள்.

“ஏட்டி, ஏட்டையாவே வந்து நிக்காரு. பொறவு என்ன?” என்றாள் வெள்ளைத்தாய்.

அந்தச் சரக்குக்கு லேபிள் கிடையாது, பட்டறை முத்திரை கிடையாது, சீட்டும் போடக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். லேபிளையும் முத்திரையையும் கிருபாபாய் விட்டுவிட்டாள். சீட்டை விட மனசு வரவில்லை. பேர் இல்லாத கட்டு என்றால் தன் கட்டுக்கும் வெள்ளைத்தாய் கட்டுக்கும் என்ன வித்தியாசம்? அடிபட்டுக் கிடக்கிறவன் பிரித்துப் பார்க்கும்போது யார் கட்டியது என்று தெரிய வேண்டாமா? இதுதான் அவள் யோசனை. நீலத்தாளுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் சீட்டை வைத்துக் கட்டினாள்.

முதல் நடைக்குப் பொன்னுராஜ் நடுங்கிக்கொண்டுதான் கிளம்பினான். அதனால்தான் ஏட்டையா யூனிபாரத்தோடு முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். போனது பட்டப்பகலில். மறுநாள் திரும்பி வந்தவன் முகத்தில் பயம் போய்த் திகைப்பு வந்திருந்தது.

“நாலு செக்போஸ்ட்டு கிருபா. நாலுலயும் கட்டையத் தூக்கிட்டு சல்யூட் அடிக்கான். ஏட்டையா எனக்கு முறுக்கு வாங்கித் தாராரு. கடக்கரையில ராக்கப்பன் ஆளுக மூட்டையப் படகுல ஏத்துதாங்க, ஆபீசர் குடை புடிச்சிக்கிட்டு நின்னு பாக்காரு. யாரு திருடன், யாரு போலீசுன்னே தெரியல.”

“சர்க்கார் சொல்லித்தான செய்யுதீய?”

“அப்படித்தான் நெனைக்கேன்.”

அடுத்த ஒன்றரை வருஷத்தில் பதினாறு நடை போய் வந்தான். பதினாறு தடவையும் ஏட்டையா பக்கத்தில் இருந்தார். வழியெல்லாம் தன் மூட்டுவலியைப் பற்றியும் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமையாததைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவாராம். கடைசி நடைகளில் பொன்னுராஜ் அவருக்காகச் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு வைத்திருந்தான். பிறகு ஒரு நாள், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.

1987 கடைசியில் பட்டறைக்கு இன்னொரு பெரிய ஆர்டர் வந்தது. இந்தத் தடவை லேபிள், முத்திரை, சீட்டு எல்லாம் உண்டு. நம் பட்டாளம் அக்கரைக்குப் போயிருக்கிறது, அவர்களுக்கு வேண்டும் என்றார் முதலாளி. யாரோடு சண்டை என்று பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்: அக்கரையில் துப்பாக்கி தூக்கிய நம் தமிழ்ப் பையன்களோடு. வெள்ளைத்தாய் கட்டிக்கொண்டிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏட்டி கிருபா, போன வருசம் அந்தப் பையங்களுக்குக் கட்டுனோம். இப்ப அவங்க சுட்ட ஆளுகளுக்குக் கட்டுதோம். ரெண்டும் நம்ம சர்க்கார் சொன்னதுதானா?”

கிருபாபாய் கட்டி முடித்ததையே மறுபடி பிரித்துச் சுற்றினாள். அவளுக்கும் அதே சந்தேகம்தான். சேத்தூரில் அவள் பக்கத்து வீட்டுப் பையன் பட்டாளத்திலிருந்து ஒரு காலோடு திரும்பி வந்தபோது போய்ப் பார்த்தாள். அவன் துண்டான காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

1991 மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்க அக்கரையோடு ஒட்டுறவு வைத்தவர்களையெல்லாம் வலைபோட்டுத் தேட ஆரம்பித்தார்கள். கடற்கரை ஊர் ஒன்றில் இடிந்த குடிசைக்குள் பழைய மூட்டை ஒன்று அகப்பட்டதாம். எலி கடித்தது போக மிச்சம் இருந்த நீலத்தாள் கட்டு ஒன்றில் ஒரு துண்டுச் சீட்டு.

ஜூலையில் வெளியூர் போலீஸ் பட்டறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “கிருபாபாய் பொன்னுராஜ் யாரு?” என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். பட்டறைக்கு வந்த பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் சீட்டு திரும்பி வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அந்த நேரம் அவள் மண்டையில் ஏறியது.

“சுருள் தளந்திருந்துச்சா சார்?” என்று கேட்டாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சீட்டில் பொன்னுராஜ் பெயரும் இருந்தது, பொன்னுராஜ்தான் டிரைவர். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத் தெரியாமல் வேனை எடுத்திருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேட்டியை மாற்றக்கூட விடாமல் பொன்னுராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவன் அவளைப் பார்த்து, “ஏட்டையாகிட்ட போய்ச் சொல்லு, அவிய வந்தா சரியாப் போகும்” என்றான். தான் முழுசாக எழுதிய கையெழுத்தே புருஷனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டது என்பது கிருபாபாய்க்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது. வலதுகையை அடுப்பில் வைத்தால் என்ன என்று தோன்றியது. வெள்ளைத்தாய்தான் இரண்டு நாள் கூடவே இருந்தாள்.

விசாரணை நடந்தது ஒரு பழைய பங்களாவில். முதல் மாசம் உள்ளே விடவில்லை. இரண்டாவது மாசம் வராந்தா வரைக்கும் விட்டார்கள். அங்கே பிரம்பு நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு ராக்கப்பன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தது. கிருபாபாய்க்குப் பாவமாகப் போய்விட்டது.

“அண்ணாச்சி, உங்களையும் புடிச்சிட்டாங்களா?”

அதே நேரம் ஒரு போலீஸ்காரர் வந்து அவன் கையில் டீயைக் கொடுத்துவிட்டுப் பணிவாக நின்றார். ராக்கப்பன் குலுங்கிச் சிரித்தான்.

“நான் ஒத்தாசைக்கு வந்திருக்கேன் தங்கச்சி. யாரு யாரு சரக்கு ஏத்துனாங்கன்னு இவங்களுக்குச் சொல்லித் தரணும்லா?”

“ஏத்தச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி?”

“அது அப்ப” என்றான் அவன், டீயை ஊதிக்கொண்டே.

சுவரில் படமாக இருந்தவன் முதலில் ஜீப்பில் வந்தான், இப்போது வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். வண்டி ஓட்டினவன் உள்ளே கிடக்கிறான். நடுவில் தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

இனி இருந்தது ஏட்டையா ஒருவர்தான். ரிட்டயராகி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து, ‘ஆமாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், மேலே இருந்து சொன்னார்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொன்னுராஜ் வெளியே வந்துவிடுவான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஏட்டையா வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

“ஏம்மா, ரெக்கார்டுப்படி அந்த நாளுக பூராவும் நான் மெடிக்கல் லீவு. மஞ்சக்காமாலை. பதினாறு தடவையும் காமாலைன்னு எழுதி வச்சிருக்காங்க. நான் எப்படி வண்டியில உக்காந்திருக்க முடியும்?”

“நீங்க உக்காந்திருந்தீங்களே ஏட்டையா. முதல் நாள் வண்டி ஏறுறத நாங்க எல்லாரும் பாத்தமே.”

“பாத்திருக்கலாம். ரெக்கார்டுல இல்லையே” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே குழப்பமாக இருந்த மாதிரி தெரிந்தது.

புரட்டாசி சனிக்கிழமை மறுபடி போனாள். ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று இருக்கிற மலைக்கோயில் பெருமாளுக்கு முடி இறக்கப் போயிருக்கிறார் என்றார்கள். கோவிந்தா கோவிந்தா என்று படியேறிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் கழுத்தில் சிலுவைச் செயினோடு இவளும் ஏறினாள். பாதி மலையில் மொட்டைத்தலையும் சந்தனமுமாக அவரைப் பார்த்தாள். முந்தானையை ஏந்திக் கேட்டாள்.

“சாமி மலையில வச்சுக் கேக்காதம்மா. எனக்குப் பென்சன் போயிரும். மக இன்னும் வீட்டுலதான் இருக்கா” என்று சொல்லிவிட்டு மடமடவென்று இறங்கிப் போய்விட்டார். மூட்டுவலிக்காரர் அந்த வேகத்தில் இறங்கியதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்படியே தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்பதா, கர்த்தரிடம் கேட்பதா என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தை முடிந்தும் பொன்னுராஜ் வராததால், வேறு வழியில்லாமல் வக்கீல், உள்ளதை உள்ளபடி எழுதி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டார். ஜீப், குடை பிடித்த ஆபீசர், சமுத்திரம், ராக்கப்பன், பதினாறு நடை என்று எல்லாம் அதில் இருந்தது. மனுவில் கிருபாபாய் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டாள்.

மனு போன மூன்றாம் வாரம் ராக்கப்பனே பட்டறைக்கு வந்தான். வந்தது அரசாங்க ஜீப்பில்தான். சௌந்தரபாண்டியன் முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

“தங்கச்சி, மனுவுல ஏட்டு பேரு இருக்கு. அது கோர்ட்டுல வந்தா அவரை அனுப்புன ஆளு பேரு வரும். அவரு பேரு வந்தா டெல்லி வரும். டெல்லி வந்துட்டா உம்புருசன் வரமாட்டான். மனுவ வாபஸ் வாங்கிரு. வெள்ளிக்கிழம அவன் வீட்டுல இருப்பான்.”

“அதுல உங்க பேரும் இருக்கே அண்ணாச்சி?”

“எம்பேரு எங்கதான் இல்ல? அது கெடக்கட்டும்.”

“இத நீங்க சொல்லுதீங்களா, சர்க்கார் சொல்லுதா?”

ராக்கப்பன் இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தான். “ரெண்டு பேருந்தான்னு வச்சுக்கயேன்” என்றான்.

அவன் கொண்டுவந்திருந்த தாளில், வண்டியில் போலீஸ்காரர் எவரும் வந்ததாகத் தனக்குத் தெரியாது என்றும், குழப்பத்தில் அப்படிச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தது. குழப்பத்தில் என்ற வார்த்தை மட்டும் உண்மை என்று கிருபாபாய் நினைத்தாள். வாத்தியார் மகள் பொய்யில் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை பொன்னுராஜ் வர வேண்டும், அவ்வளவுதான். போட்டுவிட்டாள்.

சொன்னபடியே அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தான். 1992 மார்ச் மாசம். எட்டு மாசத்தில் பாதி ஆளாகியிருந்தான். இடதுகால் தரையில் சரியாகப் பதியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, “ஏட்டையா வந்து சொல்லிட்டாரா?”

கிருபாபாய் குனிந்து அவன் கையிலிருந்த செம்பை வாங்கினாள். அவள் தலை ஆடியதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும். எம்புட்டு அடிச்சாலும் அந்த ஒண்ணத்தான் சொன்னேன், ஏட்டையா எம்பக்கத்துல உக்காந்து வந்தாருன்னு. பொய், பொய்ங்காங்க. அவரு அன்னைக்கு வரவே இல்லன்னு தாளக் காட்டுதாங்க. தெனமும் சொன்னா என்னாகும்? எனக்கே சந்தேகம் வந்துட்டு கிருபா. நெசமாவே உக்காந்து வந்தாரா, நானாத்தான் நெனச்சுக்கிட்டேனான்னு. தலகாணி போட்டது ஞாபகம் இருக்கு, மூஞ்சி ஞாபகம் வரல. பைத்தியம் புடிச்சிருமோன்னு பயந்துட்டேன்.”

இதைக் கேட்ட பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? அவன் புத்தி நிற்பதே அந்த ஒரு ஆணியில்தான் என்று அவளுக்குப் பட்டது. சொல்லாமல் விட்டதற்காகவும் அவளுக்கு வேதனையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், ஏட்டையாவைப் பார்த்து நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். கிருபாபாய் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏட்டையா கதவைத் திறந்து, ‘நான் எங்கே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் இவன் அங்கேயே உடைந்துபோவான். செய்யாத காரியத்துக்கு அந்த மனுஷன் நன்றியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாலோ, தன்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. எது நடந்தால் நல்லது என்று ஜெபம் பண்ணக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்த ஏட்டையா இருவரையும் பார்த்து விறைத்துப்போய் நின்றார். பொன்னுராஜ் நொண்டிக்கொண்டே போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“உண்மையச் சொல்லி என்னைய வெளிய கொண்டாந்துட்டீங்க ஏட்டையா.”

ஏட்டையாவின் கண் பொன்னுராஜின் காலுக்குப் போனது. அங்கிருந்து கிருபாபாய் முகத்துக்கு வந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

“ஒரு தடவ உங்க வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். நீங்க எம்பக்கத்துல உக்காந்துதான வந்தீங்க?”

ஏட்டையா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு பொன்னுராஜின் கையை விடாமல் சத்தமாகச் சொன்னார்.

“உக்காந்து வந்தேன்டா. பதினாறு தடவையும் உம்பக்கத்துலதான்டா உக்காந்து வந்தேன்.”

பொன்னுராஜ் பெருமூச்சு விட்டான். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகக் கிருபாபாய் எட்டு மாசம் படியேறி இறங்கியிருந்தாள். இப்போது அது வந்துவிட்டது, எழுதிக்கொள்ளத்தான் அங்கே யாரும் இல்லை. கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, நடுவாசலில் உட்கார்ந்து அவள் ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பொன்னுராஜ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.